மூன்றாவது சத்தியம்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு வந்த மாலையில், இலக்கியம் தொடர்பாக எதுவாயினும் சரி என்று சொல்லிச் சென்றனர். கம்பனும் வள்ளுவனும் பாரதியும் சங்க மலர்களில் ஆண்டுதோறும் நல்லபடியாகவே கவனிக்கப்படுகிறார்கள். அவர்களை எங்களைவிட நன்கு கற்றவர்கள் இதே மலரில் எழுதியிருப்பார்கள். ஆகவே நாங்கள் ஓர் இந்தித் திரைப்படத்தைப் பற்றி எழுதத் துணிந்தோம். தமிழ்ச் சங்க மலரில் இந்திப் படமா என்று புருவத்தை உயர்த்தும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். எங்கள் வீட்டிலேயே அந்தப் புருவம் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக் காலம் உயர்ந்துதான் இருந்தது.

நல்ல படம் ஓடாமற்போவது இந்தித் திரையுலகில் புதிய செய்தியன்று. குரு தத்தின் ‘காகஸ் கே ஃபூல்’ 1959-இல் வந்தது. இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம் என்ற பெருமையும், மைசூர்க்காரரான வி. கே. மூர்த்தியின் ஒளிப்பதிவும் அதைக் காப்பாற்றவில்லை. அதன்பின் குரு தத் தம் பெயரில் வேறொரு படத்தை இயக்கவே இல்லை. 1983-இல் வந்த ‘ஜானே பீ தோ யாரோ’வும் முதலில் கவனிப்பாரற்றுக் கிடந்ததுதான். தபன் சின்ஹாவின் ‘ஏக் டாக்டர் கீ மௌத்’ (1990) என்ற படத்தை எங்கள் அலுவலகத்தில் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் ஒரு கை விரல்கள் போதும். இவற்றுள் முதல் இரண்டுக்கும் காலம் கடந்தேனும் நியாயம் கிடைத்தது. இன்று அவற்றைப் புகழாதவர் இல்லை. மூன்றாவதை அன்பர்கள் தேடிப் பார்த்தால் மகிழ்வோம். இங்கே எங்கள் நெஞ்சில் நிற்பது வேறொரு படம்.

‘தீஸ்ரீ கஸம்’. மூன்றாவது சத்தியம் என்று பொருள். 1966-இல் வெளியாயிற்று. பீகாரின் பூர்ணியா வட்டார வாழ்வைத் தம் எழுத்தில் நிலைக்கச் செய்த பணீசுவரநாத் ரேணுவின் ‘மாரே கயே குல்ஃபாம்’ என்னும் சிறுகதையே படமாயிற்று. உரையாடலும் ரேணுவே எழுதினார். இயக்கியவர் பாசு பட்டாச்சார்யா. சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’க்கு ஒளிப்பதிவு செய்த சுப்ரதா மித்ராவே இதற்கும் ஒளிப்பதிவாளர். தயாரித்தவர் கவிஞர் சைலேந்திரா. அவர் தயாரித்த ஒரே படம் இதுதான்.

கதை எளியது. ஹீராமன் ஒரு மாட்டு வண்டிக்காரன். ஒருமுறை கள்ளச் சரக்கு ஏற்றிப் போலீசிடம் அகப்பட்டு, வண்டியை விட்டுவிட்டு மாடுகளோடு தப்பி ஓடுகிறான். இனிக் கள்ளச் சரக்கு ஏற்றுவதில்லை என்பது அவனுடைய முதல் சத்தியம். மூங்கில் பாரம் ஏற்றி வம்பில் மாட்டிக்கொண்டதால், மூங்கிலும் ஏற்றுவதில்லை என்பது இரண்டாவது. பிறகு ஓர் இரவு, நௌடங்கி ஆட்டக்காரி ஹீராபாயைத் திருவிழாவுக்கு ஏற்றிச் செல்லும் வேலை அவனுக்கு வாய்க்கிறது. நௌடங்கி என்பது நம் பக்கத்துத் தெருக்கூத்துக்குத் தூரத்து உறவு. கூண்டு வண்டிக்குள் இருப்பவள் பேயோ என்று முதலில் அஞ்சுகிறான். முகத்தைப் பார்த்ததும் தேவதை என்று நம்பிவிடுகிறான். இருவர் பெயரிலும் ‘ஹீரா’ இருப்பதால், உன்னை ‘மீதா’ என்று கூப்பிடுவேன் என்கிறாள் அவள். பெயரொத்த தோழமை என்று நாங்கள் பொருள் சொல்லிக்கொள்கிறோம். தமிழில் ஒற்றைச் சொல்லாக அகப்படவில்லை.

படத்தின் பெரும்பகுதி அந்த வண்டிப் பயணம்தான். ஆற்றங்கரையில் நிறுத்தி, மாற்றாந்தாய் ஒருத்தி வணிகனுக்கு விற்றுவிட்ட மஹுவா என்ற பெண்ணின் பழங்கதையை அவன் சொல்கிறான். வண்டிக்குள் கேட்டுக்கொண்டிருப்பவளும் விற்கப்பட்டவளே என்பது அவனுக்குத் தெரியாது. பார்க்கும் நமக்குத் தெரியும். வஹீதா ரஹ்மானின் முகத்தில் அப்போது ஓடும் நிழலுக்காகவே இந்தப் படத்தை நான்கு முறை பார்க்கலாம் என்பது எங்கள் துணிபு. பிறகு திருவிழா, கூடாரம், கேலி பேசுவோரோடு ஹீராமனின் சண்டை, ஜமீன்தாரின் பார்வை. இவற்றை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இறுதியில், இவன் மனத்தில் இருக்கும் தேவதையாகத் தன்னால் வாழ முடியாது என்று உணர்ந்த ஹீராபாய், அவன் நம்பிக் கொடுத்து வைத்திருந்த பணப்பையைத் திருப்பித் தந்துவிட்டு ரயிலேறுகிறாள். தண்டவாளத்தின் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கும் மாடுகளை அதட்டிவிட்டு, இனி நௌடங்கிக்காரியை ஏற்றுவதில்லை என்று ஹீராமன் மூன்றாவது சத்தியம் செய்கிறான். கதை அவ்வளவே.

இது ஏன் ஓடவில்லை? 1964-இல் ராஜ் கபூரின் ‘சங்கம்’ வண்ணத்தில், ஐரோப்பியக் காட்சிகளோடு வந்து வசூலைக் குவித்திருந்தது. (நம் சங்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.) அதே ராஜ் கபூர் கறுப்பு வெள்ளையில், கோவணத்துக்குச் சற்றே மேற்பட்ட உடையில், மாடு ஓட்டிக்கொண்டு வந்தால் ரசிகர்கள் என்ன செய்வார்கள்? 1966-இலேயே ‘தீஸ்ரீ மன்ஸில்’ என்று இன்னொரு படம், ஷம்மி கபூரின் துள்ளலும் ஆர். டி. பர்மனின் இசையுமாக வந்தது. மூன்றாவது மாடிக்குப் போன கூட்டம் மூன்றாவது சத்தியத்துக்கு வரவில்லை. தயாரிப்பு பல ஆண்டுகள் இழுத்ததில் சைலேந்திராவின் கடன் ஏறிக்கொண்டே போயிற்று. ரயிலேறியவளை இறக்கி இருவரையும் சேர்த்து வைத்துவிட்டால் படம் ஓடும் என்று அவரிடம் சொன்னவர்கள் உண்டு என்றும், அவர் இணங்கவில்லை என்றும் பலர் எழுதியிருக்கிறார்கள். 1966 டிசம்பர் 14 அன்று, நாற்பதுகளிலேயே அவர் காலமானார். அது ராஜ் கபூரின் பிறந்த நாள். அவ்வாண்டின் சிறந்த படம் என்று குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் ‘தீஸ்ரீ கஸ’முக்கு அறிவிக்கப்பட்டபோது தயாரிப்பாளர் உயிரோடில்லை. பம்பாயில் ரயில்வே பட்டறைத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கியவர் அவர். சம்பளத் தேதியின் அருமை தெரிந்த மனிதர் கடனில் மூழ்கியதை எண்ணும்போது, எங்களைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களுக்கு வயிற்றைப் பிசைகிறது.

படம் குறையற்றது என்று நாங்கள் சாதிக்க வரவில்லை. ரேணுவின் ஹீராமன் நாற்பது வயதுக் கறுத்த, கட்டுமஸ்தான ஆள். ராஜ் கபூருக்கு வயது பொருந்தியது, நிறம் பொருந்தவில்லை. திருவிழாப் பகுதியில் சற்றே தொய்வும் உண்டு. போகட்டும்.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறோம்.

எங்கள் அப்பா செங்கல்பட்டுக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கல்லூரி மாணவராக நின்று தோளில் தடியடி வாங்கியவர். மழைக் காலத்தில் அந்தத் தோள் இன்றும் வலிக்கும். ஊரில் ஆட்சி மாறிய அதே 1967-இல், வீட்டு வறுமை காரணமாக மத்திய அரசுத் தேர்வெழுதி எழுத்தர் வேலை பெற்று, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரசில் தில்லிக்கு வந்து இறங்கினார். இந்தி வேண்டாம் என்றவர் இந்திக்கு நடுவிலேயே குடியேற நேர்ந்தது. அலுவலகக் கட்டாயத்துக்காகப் பிரபோத், பிரவீண், பிராக்ஞ என்று மூன்று தேர்வுகளிலும் தேறினார். ஓராண்டுக் காலத்துக்கு ஓர் ஊதிய உயர்வுக்குச் சமமான தொகை கிடைத்தது. ஆனால் எழுத்தில் தேறியவர் வாயால் பேசவில்லை. காய்கறிக்காரரிடம் விரலைக் காட்டுவார், நாணயத்தை நீட்டுவார். பேச வேண்டியவற்றை அம்மா பேசிவிடுவார். ஞாயிறு மாலை தூர்தர்ஷனில் இந்திப் படம் தொடங்கியதும், இரண்டு நாள் தாமதமாக வந்த தமிழ் வார இதழோடு சமையலறை வாசலுக்குப் போய்விடுவார்.

1988 மே மாதத்தில் ராஜ் கபூர், தாதாசாகேப் பால்கே விருது வாங்க வந்த இடமான சிரி ஃபோர்ட் அரங்கிலேயே மூச்சுத் திணறி, எய்ம்ஸ் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, ஜூன் 2-ஆம் நாள் காலமானார். நாங்கள் குடியிருந்த ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்சுக்கு அந்த மருத்துவமனை தொலைவில்லை. அதன் பிறகு ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘தீஸ்ரீ கஸம்’ போட்டார்கள். எங்கள் பெட்டி கறுப்பு வெள்ளை. படமும் கறுப்பு வெள்ளை. அன்று ஒருநாள் அண்டை வீட்டு வண்ணப் பெட்டியிடம் எங்களுக்குப் பொறாமை இல்லை.

வழக்கத்துக்கு மாறாக அப்பா வந்து உட்கார்ந்தார். அக்காளும் தம்பியுமாக நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுள் மூத்தவளுக்கு 13 வயது, இளையவனுக்கு 11. தில்லிப் பள்ளி இந்தி நாக்கில் ஏறிய கர்வம் எங்களுக்கு இருந்தது. ஹீராமன் வெட்கம் வரும்போதெல்லாம் ‘இஸ்ஸ்’ என்று பல்லிடுக்கில் ஓர் ஒலி எழுப்புவான். அவன் பேச்சோ பள்ளிப் புத்தக இந்தியன்று. ‘பிஹாரி’ என்று சொல்லி நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்நாளில் எங்கள் பள்ளியில் அது ஒரு வசைச்சொல். எங்களுக்குரிய வசைச்சொல் ‘மதராஸி’. ஒன்றைக் கேட்டுக் கூனிக் குறுகிய நாங்கள், இன்னொன்றை எத்தனை எளிதாக எடுத்து வீசினோம்!

அப்பா எழுந்தார். “இவனப் பாத்துச் சிரிக்கிறவங்க நாளைக்கு உங்க தாத்தாவப் பாத்தும் சிரிப்பீங்க” என்று மட்டும் சொன்னார். படத்தின் முடிவைப் பார்க்காமலே வெளியே போய்விட்டார். இரவு வெகுநேரம் கழித்தே வந்தார்.

அப்பாவின் வாக்கு பலித்தது என்பதை எழுதத்தான் வேண்டும். ஊரில் தாத்தாவுக்கு ஒரு கட்டை வண்டியும் ஒரு ஜோடி மாடும் உண்டு. 1990-இல் முதலும் கடைசியுமாக அவர் தில்லிக்கு வந்தார். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டியும் தலைப்பாகையுமாக எங்களை அழைத்துவரப் பள்ளி வாசலுக்கே வந்து நின்றார். சாலையில் ஒரு டோங்காக் குதிரையைப் பார்த்ததும் நாக்கைச் சுழற்றி ‘ட்ரா ட்ரா’ என்று குரல் கொடுத்தார். பையன்கள் சிரித்தார்கள். நாங்கள் இருவரும் அவரைத் தெரியாதவர்கள் போல நாலடி முன்னால் நடந்தோம். வீடு வரையில் அந்த நாலடி குறையவே இல்லை. தாத்தா ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அவர் பள்ளிக்கு வரவில்லை. அவ்வளவுதான்.

ஆண்டுகள் சென்றன. அக்காள் மணமாகிச் சென்னைக்குப் போனாள். ‘நாங்கள்’ என்பதில் ஆள் மாறி, இப்போது அது கணவனும் மனைவியும். ஒரு பி.ஏ. பட்டத்தை வைத்துக்கொண்டு அப்பாவைப் போலவே எழுத்தர் நாற்காலி, அதே ராமகிருஷ்ணபுரத்தில் வேறொரு குவார்ட்டர்ஸ். அம்மா காலமானார். 2004-இல் ஓய்வுபெற்ற அப்பா எங்களோடு இருக்கிறார். 2017 மார்ச் 30 அன்று கன்னாட் பிளேசின் ரீகல் திரையரங்கு மூடப்பட்டபோது, கடைசிக் காட்சிகளாக ராஜ் கபூரின் ‘மேரா நாம் ஜோக்க’ரும் ‘சங்க’மும் ஓடின என்று நாளிதழில் படித்தோம். அங்கும் ஹீராமனுக்கு இடமில்லை.

2019-இல் எங்கள் மகள் பத்தாம் வகுப்பு. ‘ஸ்பர்ஷ்’ என்ற இந்திப் பாடநூலில், பிரஹ்லாத் அகர்வால் எழுதிய ஒரு பாடம், ‘தீஸ்ரீ கஸம்’ படத்தின் சிற்பி சைலேந்திரா என்பதாக இருந்தது. ராஜ் கபூர் தம் ஊதியமாக ஒரே ஒரு ரூபாயை முன்பணமாகக் கேட்ட செய்தி அதில் வருகிறது. ‘ஸ்ரீ 420’ படப் பாட்டொன்றில் சைலேந்திரா பத்துத் திசைகள் என்று எழுத, மக்களுக்கு நான்கு திசைதான் புரியும் என்று ஜெய்கிஷன் தடுத்ததும், ரசிகர் பெயரைச் சொல்லி மட்டமானதைத் தரக்கூடாது என்று கவிஞர் மறுத்ததும் அதில் உண்டு. திக்கெட்டும் என்று பாமரரும் சொல்லும் மொழியைச் சேர்ந்த நமக்கு இந்தச் சண்டை வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பிடிவாதம்தான் அவரைக் கடனாளியாக்கியது. அதுவேதான் பாடநூலிலும் ஏற்றியது.

மகள் படத்தைப் பார்த்ததில்லை. நாங்களும் பாதியில் சிரித்தவர்களே. “கதை என்னம்மா?” என்று அவள் கேட்டாள். எங்களுக்கு முன்னால், நாற்காலியில் இருந்த அப்பா பேசினார்.

“கேளு பாப்பா. அவன் ஒரு வண்டிக்காரன்...”

அரை மணி நேரம் சொன்னார். வண்டியின் முன்பாரம் பின்பாரம் முதற்கொண்டு சொன்னார். 1967-இன் குளிரில், வந்த மூன்றாம் மாதம், பஹார்கஞ்ச் பக்கம் ஒரு கொட்டகையில் காலைக் காட்சியாக இதைப் பார்த்தாராம். செங்கல்பட்டில் பிறந்து தமிழ்ப் படத்திலும் ஆடிய பெண் நடித்தது என்று யாரோ சொன்னதால் போனாராம். கொட்டகையில் இருபது பேர்கூட இல்லை. ஒரு வார்த்தை புரியவில்லை. எல்லாம் புரிந்தது.

“அழுதீங்களா தாத்தா?”

“ஊருக்குப் போயிடலாம்னு அன்னிக்கே மூட்டை கட்டிட்டேன். டிக்கட்டுக்குத்தான் காசில்ல.”

இத்தனை ஆண்டுகளில் எங்களிடம் அவர் இதைச் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதுமில்லை.

அன்றிரவே நால்வருமாக உட்கார்ந்து பார்த்தோம். ஹீராமன் ‘இஸ்ஸ்’ என்றபோது மகள் சிரித்தாள். எங்களுக்குப் பகீரென்றது. அப்பாவும் சிரித்துக்கொண்டிருந்தார். “வண்டிக்காரனுக்கு வெக்கம் வந்தா அப்படித்தான். எங்கப்பாவுக்கு ‘ச்சொ’ன்னு வரும்” என்றார். ரயில் புறப்பட்டபோது அவர் எழுந்து போகவில்லை. ஹீராமன் சத்தியம் செய்து முடித்த பின், “சத்தியம் பண்றவன் ரோஷத்துல பண்றான்னு நெனக்கிறாங்க. அடிபட்ட வலியில பண்றான்” என்று சொல்லிவிட்டு, வலது கையால் தம் இடது தோளைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் காலை வழக்கமான தள்ளுவண்டிக் காய்கறிக்காரர் வந்தார். பத்தாண்டுகளாக எங்கள் தெருவுக்கு வருபவர். அப்பா கீழே இறங்கிப் போனார். கத்திரிக்காயை நோக்கி விரல் நீளும் என்று மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா வாய் திறந்து, தேர்வுக்குப் படித்த இலக்கண இந்தியில், “ஆப் கஹாங் கே நிவாசி ஹைன்?” என்றார். வானொலிச் செய்தி போல ஒலித்தது. காய்கறிக்காரர் திகைத்துப்போய்த் தராசைக் கீழே வைத்தார். அவருக்குச் சொந்த ஊர் ஃபார்பிஸ்கஞ்ச் பக்கம். ரேணுவின் கதையில் ஹீராபாய் ஆடப் போகும் திருவிழா அந்த ஊரில்தான். அப்பா படத்தின் பெயரைச் சொன்னார். ரேணுவின் பெயரைச் சொன்னார். காய்கறிக்காரர் கைகூப்பி, ரேணு எங்கள் பக்கத்துப் பெரிய மனிதர் என்று கேள்விப்பட்டதுண்டு, படம் பார்த்ததில்லை என்றார்.

அடுத்த ஞாயிறு பிற்பகல் அவரை அப்பா வீட்டுக்கு அழைத்தார். மூன்று முறை மறுத்துவிட்டு வந்தார். நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றார். அப்பாவும் பாயை விரித்துத் தரையில் உட்கார்ந்தார். மகள் படத்தைப் போட்டாள். ஹீராமன் வாய் திறந்த முதல் நிமிடத்திலேயே அவர் எங்கள் பக்கம் திரும்பி, இது எங்கள் வீட்டுப் பேச்சு என்றார். ‘இஸ்ஸ்’ வந்தபோது தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்து, தம் சித்தப்பா இப்படித்தான் என்றார். மஹுவா கதையை, திரையில் ஹீராமன் சொல்வதற்கு முன்னமே இவர் முணுமுணுக்கத் தொடங்கினார். எங்கள் மனைவியார் தேநீர் கொண்டுவந்து வைத்தது ஆறியே போயிற்று. கீழே நிறுத்தியிருந்த தள்ளுவண்டி பத்திரமாக இருக்கிறதா என்று நடுவில் இரண்டு முறை எழுந்து பலகணி வழியாகப் பார்த்துவிட்டு வந்து, அப்பாவின் பக்கத்தில் அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.